ஜரிகை போட்ட பீஸ் கட்டை

பீஸ் கட்டையைப் பிடுங்கியபோது உள்ளே பொன்னாக மின்னியது. மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், கல்யாணப் பட்டுக்குப் போடும் ஜரிகையைப் பல புரியாக முறுக்கி, இரண்டு பக்கத் திருகாணியிலும் இறுக்கிக் கட்டியிருந்தது. இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிற அதே கைதான் இதையும் போட்டிருக்கிறது என்று முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. தறியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா நிமிராமலேயே, "இன்னாடா பாக்கற? அசல் வெள்ளி ஜரிகை. கம்பி போட்டா நாலு நாளைக்கு ஒருதரம் போயிக்கினு கீது. இதப் போட்டதுலருந்து ஒரு நாளாவது வூடு இருட்டாச்சா?" என்றார். "அது போறதுக்குத்தான் வெச்சிருக்குது பெரியப்பா" என்றேன். அவர் தறியை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தறியில் இருந்த என் அப்பாவைப் பார்த்தார். "போறதுக்குன்னு ஒரு சாமான எவனாவது வூட்ல வெப்பானாடா? இதத்தான் தினம் பஸ்ஸு ஏறிப் போயி படிச்சிக்கினு வர்றானா உம்புள்ள?" அண்ணன் பேச்சுக்கு அப்பா மறுபேச்சு பேசியதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தேன். உத்திரமேரூருக்கு அடுத்த எங்கள் ஊர் வீட்டில் பெரியப்பாவும் அப்பாவும் ஒன்றாக இருந்தார்கள். கூடத்தில் இரண்டு தறி, பின்னால் ஒரே சமையலறை. கரண்ட் வந்த காலத்தில் விளக்கு எரிய மட்டும் என்று மரச்சட்டத்தில் அடித்த மெல்லிய ஒயர் ஒன்றுதான் வீடு முழுக்க ஓடியது. பிறகு அம்மாவுக்காக ஒரு கிரைண்டர் வந்து, சமையலறைத் தரையில் சிமெண்ட் வைத்துப் பூசப்பட்டது. பெரியம்மாவுக்கு மூச்சிழுப்பு. விறகுப் புகை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதால், மேடையில் ஒரு கரண்ட் அடுப்பு பதிக்கப்பட்டது. கிரைண்டர், அடுப்பு, தறிக்கு மேலே தொங்கும் பல்பு எல்லாம் அந்த ஒற்றை ஒயரில்தான். காலையில் மூன்றும் ஓடும் நேரத்தில் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. அதற்குக் கீழே தறியில் நீட்டிய பட்டுப் பாவு; ஒரு பொறி விழுந்தால் போதும்.

அன்றே ஜரிகையை உருவிவிட்டுச் சரியான கம்பியைப் போட்டேன். போட்ட அன்று சாயங்காலமே பீஸ் போனது. மறுநாள் காலையிலும் போனது. அடுப்பும் கிரைண்டரும் சேர்ந்து ஓடக்கூடாது, ஏதாவது ஒன்றுதான், அவ்வளவுதான் விஷயம் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். "மாவ பாதியில நிறுத்தினா இட்லி கல்லாட்டம் வரும், அப்பறம் உங்க பெரியப்பாதான் தட்டத் தள்ளுவாரு" என்றாள் அம்மா. "வெளக்கு நின்னா எனக்கு இழ தெரியாது" என்றார் பெரியப்பா. எல்லோர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியம்மா ஒருத்திதான் நியாயம் எதுவும் சொல்லவில்லை. "இன்னாத்துக்கு பேஜாரு? கிரைண்டர் ஓடட்டும்பா. நான் அப்பால வெச்சிக்கறேன்" என்று அடுப்பின் ஸ்விட்சை அணைத்தாள். ஒரே ஓர் அடுப்பு அணைந்தால் வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடும் என்று அதன்பின் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அவளை அணைக்கச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அவள் அப்பால வைத்தது எங்கே என்று சில வாரம் கழித்துத்தான் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது உள்ளே கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் கல் கூட்டி மூட்டிய விறகடுப்பில் குழம்பு கொதித்தது. பக்கத்தில் பெரியம்மா முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பேச வரவில்லை. தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கிரைண்டர் சத்தத்தில் அவள் இழுப்பு உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. எதிர்வீட்டு மாட்டு வண்டியில் ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டபின் மூச்சு கொஞ்சம் அடங்கியதும், அவள் என் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, "மாவு அரைச்சி முடிச்சிட்டாளா?"

மறுநாள் நான் யாரையும் கேட்கவில்லை. மெயின் போர்டிலிருந்து அடுப்புக்கென்று தனி ஒயர், தனி பீஸ் கட்டை. முன்பு தனி ஒயர் பேச்சை எடுத்தபோது, சுவரில் ஆணி அடித்தால் தறி ஆடும் என்று மறித்த பெரியப்பா, அன்று தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியம்மா, கிரைண்டர் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். "இது உன்னோட லைன் பெரியம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஒயரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒரே கம்பத்துலருந்துதானே வருது?" என்றாள். கழனியில் பம்புசெட்டுகளைப் போட்டால் எங்கள் தெருவில் பல்பு மங்கும். அதைத் தினமும் பார்ப்பவளிடம் நான் எந்தப் பாடத்தைச் சொல்வது? விறகடுப்புக் கற்களைத் தூக்கிக் கிணற்றடிக்கு அப்பால் போட்டதுதான் என்னால் செய்ய முடிந்தது. அதன்பிறகு தினமும் பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கிரைண்டர் ஓயும் வரை அரைவேக்காட்டுக் குழம்பின் முன்னால் சும்மா நின்றாள்.

எனக்குக் கல்யாணமாகி, வேலை நிமித்தம் காஞ்சிபுரத்தில் குடியேறியபின் பெரியம்மா ஒருமுறை எங்களோடு தங்க வந்தாள். சமையலறைக்கு ஒயரிங் நானே செய்தது. அடுப்புக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று. என் மனைவி கிரைண்டரைப் போட்டாள். பால் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பைத் திரும்பப் போட்டேன். மிக்ஸியைப் போட்டேன். விளக்கு, காற்றாடி, ரேடியோ, வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். வீடே அதிர்ந்தது. "பாரு பெரியம்மா, நல்லா பாரு" என்று அந்த இரைச்சலில் கத்தினேன்.

அவள் அண்ணாந்து பல்பையே பார்த்தாள். அது மங்கவில்லை. பால் பொங்கியது, இறக்கி வைத்தாள். நான் ஒவ்வொன்றாக அணைத்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அப்போ இதெல்லாம் ஓடறதுக்கு யாருக்குப்பா நின்னுச்சி?"

"யாருக்கும் நிக்கல பெரியம்மா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போய், பக்கத்து வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.