அம்மாவின் கூடையில் ஒரு பச்சைக்காய்

சாயங்காலம் எடை போடும் களத்தில் அம்மா இருந்தார், அவரோடு காபிப் பழம் பறிக்கும் பெண்கள் இருந்தார்கள், கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் இருந்தார், நானும் இருந்தேன். அப்பா இல்லை. மிளகு ஏற்றிய வண்டியோடு மலையடிவாரக் குப்பனூருக்கு இறங்கியிருந்தார். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆனால் பேசத் தெரிந்தவர் அவர்.

ரைட்டர் கையில் செல்போன். அதில் என் ஹைக்கூ.

பனி விலகுகிறது
சிவந்த பழங்களின் நடுவே
ஒரு பச்சைக்காய்

காலையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கூடையில் பார்த்தது. அங்கேயே நின்று எழுதி, நான் இருக்கும் ஹைக்கூ வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கண்ணால் காணாததை ஹைக்கூவில் எழுதக் கூடாது என்று நம்புகிறவன் நான். அதனால் கீழே, 'கற்பனை அல்ல, இன்று அம்மாவின் கூடையில் கண்டது' என்று பெருமையாகச் சேர்த்திருந்தேன். யாரோ அதை ஸ்டேட்டஸில் வைக்க, மத்தியானத்துக்குள் ரைட்டரிடம் வந்துவிட்டது.

பச்சைக்காய் கலந்திருக்கிறது என்று முந்தின வாரம்தான் ஒரு லோடு திரும்பி வந்திருந்தது. இனி கலக்கிறவர்களுக்குப் பறிப்பு வேலை கிடையாது என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்கள். அம்மா வீட்டில் சொல்லவும் செய்தார். எழுதும்போது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"ஏனுங்க கவிஞரே, இது உங்க அம்மா கூடைதானுங்களா?" என்றார் ரைட்டர்.

இல்லை என்றால் நான் எழுதியது பொய். ஆமாம் என்றால் அம்மாவுக்கு வேலை போய்விடும்.

"ஆமாங்க," என்று அம்மாவே சொன்னார். "கை தவறி வந்துச்சுங்க. அப்பவே பொறுக்கி வீசிட்டனுங்க. இவனும் பாத்துட்டுத்தான் நின்னான்."

"வீசுனத இதுல காணமே?"

"அதுக்கு மேல எழுதுனா நல்லா இருக்காதுங்க," என்றேன். "மூணு வரிதானுங்க."

"நாலாவது வரியிலதான் உன்ர அம்மா பொழப்பு இருந்திருக்குது சாமி," என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவின் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டச் சொன்னார் ரைட்டர். நானும் குனிந்து தேடினேன். காலையில் ஒரு பச்சையைக் கண்டு அப்படிச் சந்தோஷப்பட்டவன், இப்போது ஒன்றுகூடத் தட்டுப்படக் கூடாதே என்று துழாவினேன். தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. எந்த மூட்டையைக் கொட்டினாலும் அவ்வளவு இருக்கும். ஆனால் கவிதை இருந்தது அம்மாவின் மூட்டைக்கு மட்டும்தான்.

ரைட்டர் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "நாளைக்கு வாம்மா," என்றார். "இன்னைக்குக் கூலியில பாதியப் புடிச்சுக்கறேன். மேல கேட்டா நானும் எதையாச்சும் காட்டோணுமில்ல."

வெள்ளக்கடையில் இருக்கும் வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார்: "நொம்ப நல்லா எழுதியிருக்கறயாமே, கூடப் பறிக்கற புள்ளைங்க சொன்னாங்க. இனிமே பனியப் பத்தி மட்டும் எழுது கண்ணு."

அப்பா வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தபடி நடந்தேன். பாதிக் கூலி, இருநூற்று இருபது ரூபாய்.