நெய்ல் கன்னும் காத்துல கட்டுன வீடும்

மொட்டைமாடியில மரத்துல ஒரு ரூம் போடணும்னு வீட்டுக்காரருக்கு ஆசை. ஆணி அடிக்கிற நெய்ல் கன் வாங்க இன்னிக்கு சிம்மக்கல்ல ஒரு கடைக்குப் போனோம்.

"கம்ப்ரஸர் இருக்காண்ணே?"ன்னு கடைக்காரர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

எண்பதுகள்ல எங்க வீட்டுக்காரரு துபாய்ல தச்சு வேலை பாத்தாரு. ஊருக்கு வந்தப்ப இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்தாரு. கம்ப்ரஸர்ல இருந்து காத்து வந்தாத்தான் அது ஆணி அடிக்கும். கம்ப்ரஸர் வாங்க எங்களுக்கு வழியில்ல.

ஒருநாள் சாயங்காலம் பழங்காநத்தத்துல இருந்த எங்க காலி மனைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கன்னை வெறுங்காத்துல வச்சு, வாயாலயே 'டப் டப்'னு அடிச்சாரு.

"இது ஹாலு. இது உன் அடுப்படி. சன்னல் எம்புட்டுப் பெருசா வேணும்?"

நான் ரெண்டு கையையும் விரிச்சேன். அந்தச் சன்னல்ல மேகம் நகந்து போனதை நெசமாவே பாத்தேன்.

அந்த மனையை வித்துத்தான் மகளைப் படிக்க வச்சோம்.

இன்னிக்குக் கடையில, "இலேசானதா எடுங்க, கை வலிக்கும்"னேன்.

"அது சின்ன ஆணிதான் அடிக்கும். மரச்சட்டம் நிக்காது"ன்னு கனமானதையே எடுத்தாரு. தூக்கிப் பாக்கையில கன்னு கீழ சாஞ்சுச்சு. நானும் அடியில பிடிச்சுக்கிட்டேன்.

கம்ப்ரஸரோட வாங்கியாச்சு.

மாடி ரூமுக்கு வாசல் கிழக்கயா, வடக்கயான்னு ஆட்டோலயே சண்டை வந்துருச்சு. நான் கிழக்கு. நீங்க யாரு பக்கம்?