ஆடாத உறுப்பினரின் சந்தா

"எம் புருசன் எந்த ஊர்ல இருந்து ஆடறாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நானே போயி இட்டுகினு வந்துடறேன்."

பொதட்டூர்பேட்டையிலிருந்து தனலட்சுமி என்ற பெண் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். நான் அப்போது ஓர் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத் தளத்தில் கஸ்டமர் கேர் சீனியர். அலுவலகம் சென்னையில். தெலுங்கும் பேசுவேன் என்பதால் ஆந்திர எல்லையோர அழைப்புகள் எனக்கு வரும்; அவற்றைத் திருத்தணியில் என் வீட்டிலிருந்தே எடுக்க விட்டிருந்தார்கள். அந்தத் தளம் இப்போது இல்லை. ஆனால் கஸ்டமர் கேர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ரேக் போய் மெம்பர்ஷிப் வந்தது

முன்பு எங்களுக்கு வருமானம் ரேக்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் கம்பெனி எடுத்துக்கொள்ளும் பங்குக்கு அந்தப் பெயர். ஒருவர் ஆடினால்தான் ரேக் வரும். அதனால் யாராவது சில நாள் ஆட வராவிட்டால் எங்கள் திரையில் அது உடனே தெரிந்துவிடும்.

பிறகு ரேக்கை எடுத்துவிட்டு மாதச் சந்தா கொண்டுவந்தார்கள். மேனேஜர் அருண் மீட்டிங்கில் உற்சாகமாக இருந்தார். "இனிமே ஜெயிக்கிற காசுல நாம கையே வைக்க மாட்டோம். ஜிம்முக்குக் கட்ற மாதிரி மாசா மாசம் கட்டட்டும். ஆடலைன்னாலும் நமக்கு வந்துரும்."

சந்தா ஆட்டோ டெபிட்டில் போகும். ஒருமுறை ஒப்புக்கொண்டால் வங்கியிலிருந்து அதுவாகவே எடுத்துக்கொள்ளும். சந்தா வந்திருந்தால் திரையில் 'ஆக்டிவ்' என்று பச்சையில் காட்டும். கடைசியாக எப்போது ஆடினார் என்பது வேறொரு பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

2. தனலட்சுமியின் அழைப்பு

அவர் கணவர் முனிரத்தினம் பவர்லூம் மெக்கானிக். போக்கரில் நிறையப் பணம் விட்டிருக்கிறார். வீட்டில் பெரிய சண்டை. போனை வீட்டிலேயே வீசிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. ஆனால் அந்தப் போனுக்கு மாதாமாதம் எங்கள் குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் உறுப்பினர் காலம் புதுப்பிக்கப்பட்டது. தொடர்ந்து ஆடுவதற்கு நன்றி.'

"அத்தப் பாத்துதான் மேடம் எனுக்கு உசுரே வந்துச்சி. வேற போன் வாங்கிகினு எங்கியோ ஆடிகினு இருக்கிறாருன்னு நெனச்சேன். முன்னாடி ஒருவாட்டி போன் பண்ணப்ப உங்க ஆபீசுல ஒரு தம்பியும் ஆக்டிவா இருக்காருன்னு சொல்லிச்சி."

அதை அவர் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லியிருக்கிறார். "ஆளு ஆடிகினுதான் கீறான், காசு தீந்தா தன்னால வருவான்" என்று சொல்லி, தேடுவதை அங்கே விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் நகரி, புத்தூர், திருப்பதி என்று லாட்ஜ் லாட்ஜாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். வீட்டைவிட்டுப் போன நாளுக்குப் பிறகு முனிரத்தினம் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. அழைப்பை ஹோல்டில் போட்டு அருணைப் போனில் பிடித்தேன்.

"ஆக்டிவ்னு சொல்லிட்டு கட் பண்ணுங்க மேடம்" என்றார். "ஆடவே இல்லைன்னு சொன்னா, அப்புறம் எதுக்குக் காசு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. அடுத்தவங்க அக்கவுண்ட் விவரத்தைக் குடுக்கவும் கூடாது."

விதி அப்படித்தான். ஆனால் எதிர்முனையில் காத்திருந்தவர் விவரம் கேட்கவில்லை, கணவரைக் கேட்டார். ஹோல்டை எடுத்தேன்.

"அம்மா, அந்தக் காச அவரு கட்டல. பேங்க்ல இருந்து அதுவாப் போகுது. வீட்ட விட்டுப் போன நாள்ல இருந்து அவரு ஆடவே இல்ல."

தறிச் சத்தம் குறைந்தது; தள்ளிப் போய் நின்றிருப்பார்.

"ஆங்" என்றார். பிறகு, "அப்போ அவரு எங்க மேடம்?"

3. ஸ்டேஷன்

ஸ்டேஷனில் காட்ட எழுத்தில் ஏதாவது தர முடியுமா என்று தனலட்சுமி கேட்டார். கம்பெனி மறுத்தது. மறுநாள் லீவு போட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன்வரை விடவில்லை. நான் யார், திரையில் பார்த்தது என்ன என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அவர் எரிச்சலோடுதான் கேட்டார். ஆனாலும் புகைப்படத்தைச் சுற்றுவட்டார ஸ்டேஷன்களுக்கு அனுப்பினார்.

அரக்கோணம் ரயில்வே போலீசிடமிருந்து பதில் வந்ததும் இருவரும் அங்கே போனோம். அடையாளம் தெரியாத உடல்களின் படங்களில் ஒன்றைப் பார்த்துத் தனலட்சுமி தலையசைத்தார். காணாமல்போன அதே வாரத்தில், தண்டவாளத்தில். உரிமை கோர யாரும் வராததால் அடக்கம் செய்துவிட்டார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். "நான் திருப்பதியில தேடிகினு இருக்கறேன், அவரு இங்க மண்ணுக்குள்ள இருக்கறாரு. மூஞ்சியக்கூட பாக்கலியே மேடம்" என்றார். அழவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

விதியை மீறியதற்காக என் லாகினை முடக்கினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தனலட்சுமியின் முதல் அழைப்பை எடுத்த பையன் எனக்குப் போன் செய்தான். "ஸ்கிரீன்ல இருந்ததைத்தானே மேடம் சொன்னேன்?" உண்மைதான், அவன் பொய் சொல்லவில்லை. 'ஆக்டிவ்' என்றால் சந்தா வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் காதில் அது 'உயிரோடு இருக்கிறார்' என்று விழுந்தது.

ஹெட்செட் மாட்டும் பிள்ளைகளே, அழைப்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். திரையில் இருக்கும் பதிலை அதற்குப் பிறகு படிக்கலாம்.