அடிவரியில் யார் பெயர்

தாராவியின் தோல்பைக் கடைகளுக்கு இணையதளம் செய்தவள் சஃப்ரீன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆக்கம்: சஃப்ரீன்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கடைக்காரர் அவளைத் தேடி வருவார். குர்லாவில் அவளுக்கு வேலை கொடுத்திருந்த தாஹிருக்கு அது உறுத்தியது.

அவள் எழுதியதில் அவன் கைவைக்கவில்லை. தளத்தோடு தனியாகச் சேர்க்கும் நிரல்தொகுப்பாகப் புதிதாக ஒரு மாட்யூல் செய்து, அவள் வைத்திருந்த அதே ஃபோல்டர், அதே ஃபைல் பெயரில் தன் பெயர் போட்ட டெம்ப்ளேட்டை வைத்தான். ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் இருந்தால், பின்னால் ஏறுகிற மாட்யூலில் இருப்பதைத்தான் தளத்தை இயக்கும் ஃப்ரேம்வொர்க் எடுக்கும். விடிந்தால் எல்லாக் கடையிலும் 'ஆக்கம்: தாஹிர்'. கேட்டதற்கு, "கம்பெனி என்னுது. பேரு மட்டும் உன்னுதா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தான். சஃப்ரீன் வேலையை விட்டாள். ஆத்திரத்தை விடவில்லை.

நோன்பு தொடங்குமுன் பக்கத்துச் சந்துப் பைக்கடை ஜஹாங்கீர் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, ஈத் சேலுக்கு சைட்ட மாத்தணும். அந்தத் தாஹிரு போனே எடுக்க மாட்டுக்கான். நீ செய்வியா?"

"செய்யுதேன் மாமா. அடியில எம்பேரப் போட்டுக்கிடுவேன்."

"கட என்னுது, சைட்டும் என்னுது. போடு போ."

தாஹிருடையதற்குப் பின்னால் ஏறும்படி மூன்றாவதாக ஒரு மாட்யூல் எழுதினாள். பண்டிகை விலைகள் பளிச்சென்று வந்தன. அடியில் மட்டும் தாஹிர் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருந்த கேஷை அழித்தாள். மாட்யூல்கள் ஏறும் வரிசையைச் சரிபார்த்தாள். பல்லைக் கடித்தாள்.

ஜஹாங்கீர் எட்டிப் பார்த்தார். "கடேசில அவன் பேருதான நிக்கி?"

கடேசி! அடிவரி இருந்த ஃபோல்டருக்கு முதன்முதலில் வீட்டுப் பேச்சுப்படி அப்படியேதான் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தாள். கோவண்டியில் இந்தி பேசி வளர்ந்த தாஹிர் பொருள் தெரியாமலே, ஓரெழுத்து பிசகாமல் படியெடுத்திருந்தான். இப்போது அவள்தான் திருத்தமாகக் 'கடைசி' என்று அடித்திருக்கிறாள். ஃபோல்டர் பெயர் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைலை ஃப்ரேம்வொர்க் ஏறெடுத்தும் பார்க்காது.

மாற்றினாள். 'ஆக்கம்: சஃப்ரீன்.'

மறுநாள் தாஹிர் போன் செய்து இந்தியில் கத்தினான். "என்ன செஞ்ச நீ? எம்பேரு எங்க?"

"ஒங்க ஃபைலுல பத்திரமா இருக்கு சார். ஒரு எழுத்தத் தொடல."

"ரெண்டு பேரையும் போடேன், ப்ளீஸ்."

"ஒரு எடத்துக்கு ஒரு ஃபைல்தான சார் எடுக்கும்?"

போனை வைத்துவிட்டு ஜஹாங்கீரிடம் கேட்டாள். "மாமா, அவரு சைட்டு வச்சிருக்க மத்த கடைக்காரங்க வருவாங்களா?"

"சாயந்தரமே கூட்டியாரேன். அவன் மேல அம்புட்டுக் கோவமா ஒனக்கு?"

"கோவமெல்லாம் இல்ல மாமா. அவரு பேரு ஒரு கடையிலயும் தெரியக்கூடாது. அவ்வளவுதான்."