மாட்டுக்கொட்டகையில் நின்ற கார்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. ஐம்பதுகளின் நடுவில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கியபோது அதுவே கார் ஷெட் ஆயிற்று. அவருக்கு வாழைக்காய் மண்டி. முசிறிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு பஸ்ஸில் அலைந்து அலுத்துப்போய் வாங்கிய வண்டி. தினமும் மாலையில் அதைக் குளிப்பாட்டுவார். கையோடு உள்ளே நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்.

"ஒரு சொட்டு சாரல் படாது, பாரு" என்பார். என் கல்யாணப் பட்டுப்புடவைக்குக்கூட அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுத்த தை மாதம் முசிறியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. என் வலது கால் சடக்கென்று கீழே போயிற்று. குனிந்து பார்த்தால், காலுக்கடியில் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! என் செருப்பு போச்சு!"

"எங்க போச்சு?"

"கீழதாங்க. வண்டியில ஓட்டை!"

வண்டியின் அடித்தகரம் துருவேறி அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. செருப்பு கடைசிவரை கிடைக்காமல், கல்யாண வீட்டில் வெறுங்காலோடு இறங்கினேன்.

மறுநாள் தென்னூரிலிருந்து மெக்கானிக் வந்தார். வண்டியின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகையின் மண்ணைக் கிள்ளி உருட்டினார். உருண்டை பிடித்தது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக் காட்டினார்.

"எத்தனை வருஷம் இங்க மாடு கட்டியிருந்தீங்க?"

"முப்பது வருஷம் இருக்கும்" என்றார் என் கணவர்.

"அத்தனை கோமியமும் இந்த மண்ணுலதான் இருக்கு. ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். அதுமேல ஈர வண்டியை நிறுத்தி, தார்ப்பாயையும் மூடிட்டா, ஈரம் எங்க சார் போகும்?"

என் கணவர் முகம் சுண்டிவிட்டது. மூன்றாம் நாள் மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். ஒன்றரை அடி மண்ணை வெட்டி எடுத்து, ஆற்று மணலும் ஜல்லியும் கொட்டி, வாசல் பக்கம் சரிவாக சிமெண்டுத் தரை போட்டார்கள். காற்று வந்து போக எதிரெதிர்ச் சுவர்களில் துவாரம் வைத்தார்கள். மெக்கானிக் புதுத் தகரம் பொருத்தி, அடிப்பாகம் முழுக்கத் தார் பூசினார். அதற்குப்பின் கழுவிய வண்டி வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே போகும். தார்ப்பாய் இருந்த இடத்துக்கு என் பழைய நூல் சேலை வந்தது.

ஷெட்டில் ஸ்பேனர்கள் இருந்த அலமாரி மட்டும் பாக்கி. எண்ணெய் தடவி வைத்தாலும் அவற்றில் துரு ஏறியது. நான் ஒரு சட்டியில் நீற்றாத சுண்ணாம்புக் கல்லைப் போட்டு உள்ளே வைத்தேன். சில நாளில் கல் தானாக உதிர்ந்து மாவாகிக் கிடந்தது.

"அத்தனை ஈரத்தையும் இது குடிச்சிருக்கு!" என்று அவர் அந்தச் சட்டியை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தூக்கிப்போய்க் காட்டினார். மாதம் ஒரு தடவை கல் மாற்றுவது என் வேலையாயிற்று.

அறுபதுகளின் நடுவில் வண்டியை விற்றோம். வாங்க வந்தவர் அடியில் படுத்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து எழுந்தார்.

"துருவே இல்லீங்களே! உங்க ஊர் காத்து அப்படி" என்றார்.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "காத்தா? இப்படி வாங்க சார்" என்று அவரை ஷெட்டுக்குள் கூட்டிப்போய், தரையிலிருந்து ஆரம்பித்தார். அவர்களுக்குப் போட்ட காப்பியை நான் இரண்டு தடவை சூடுபண்ண வேண்டியிருந்தது.