பாலைவன ஓரத்து மாவட்டமும் என் கட்டுரையும்

ஒருநாளும் போகாத ஒரு மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதில் ‘என் கண்முன் விரிகிறது’ என்று ஒரு வரியும் சேர்த்தவன் நான். அப்போது என் கண்முன் உண்மையில் விரிந்து கிடந்தது ரூ லூயி-பிளாங்க் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு தமிழ் உணவகத்தின் கல்லாப்பெட்டியும், பக்கத்தில் ஆறிப்போன இரண்டு வடையும்தான்.

அங்கே நான் காசாளர். சமையலறையில் பரோட்டா போடுபவன் ஒரு உய்குர், சீனாவின் மேற்குப் பாலைவனப் பக்கத்து முஸ்லிம் இனத்தவன். என்னைவிட இளையவரான முதலாளி அவனை வேலைக்கு எடுத்த காரணம் எளிமையானது: “மா இழுத்து நூடில்ஸ் செய்யிற ஆக்கள் அண்ணை. பரோட்டா வீசப் பழகக் கனநாள் எடாது.” எடுக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை பிரெஞ்சு. பின்னேர வேலை தொடங்குமுன் வெங்காயம் உரித்தபடி ஊரைச் சொல்லுவான். அவன் மாவட்டம் இலங்கையில் எங்கள் உதவி அரசாங்க அதிபர் பிரிவு மாதிரி ஒன்று. ஆனால் குறுக்கே கடக்க ஒரு பகல் வேண்டும். பெரும்பகுதி மணல். தெற்கே பனிமலை. அங்கிருந்து இறங்கும் ஆறு கோடையில் மட்டும்தான் ஆறு. வாய்க்கால் எட்டும் மட்டும் ஊர், எட்டாத இடத்தில் கூழாங்கல். காற்றை மறிக்க வரிசையாக நெட்டை மரங்கள். பருத்தி, வால்நட், இலந்தை, அப்ரிகாட், செம்மறி. வாரத்தில் ஒருநாள் சந்தை. ஊரில் ஏறக்குறைய எல்லோரும் உய்குர். கையெழுத்துப் போடுகிற மேசைகளில் மட்டும் அவ்வளவாக இல்லை. இளசுகளைத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏற்றிவிட்டதால் பருத்தி வயலில் கிழடுகள்.

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குக் கோடையில் மட்டும் வரும் ஆறும் ஆடம்பரம். வாய் பிளந்து கேட்டேன்.

அவன் வீட்டுக்கு போன் எடுப்பதில்லை. வெளிநாட்டு அழைப்பு வந்த வீட்டுக்கு மறுநாள் அரசாங்க ஆட்கள் வருவார்கள், தேநீர் குடிக்க அல்ல. ஒரு தங்கை இருந்தாள். அவள் தன் கைப்பேசிக் கணக்கின் முகப்புப் படத்தை அவ்வப்போது மாற்றுவாள். அப்ரிகாட் பூ. பிறகு வாய்க்கால். பிறகு வெடித்த பருத்தி. ஒரு சொல்லும் இருக்காது. படம் மாறினால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். கண்ணீருக்கு வெங்காயத்தின்மேல் பழி போடலாம் என்ற தைரியத்தில்தான் இதை அவன் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் அதை எழுதினேன். ரூ பஜோல் தெருக் கோயில் தேர்த்திருவிழாவுக்குத் தன் ஊர்ப் பூவேலைத் தொப்பியோடு வந்தவனை, “ஒருக்காச் சிரியடாப்பா” என்று தமிழிலேயே அதட்டிப் படமும் எடுத்தேன். மாவட்டத்தின் பெயர், ஆறு, பருத்தி, தங்கை, முகப்புப் படம், நான் எடுத்த அவன் படம் எல்லாம் இங்கிருந்து வரும் ஒரு தமிழ் இணைய இதழில் அச்சொட்டாக வந்தன. தங்கையைப் பற்றிய பத்திதான் கட்டுரையிலேயே சிறந்தது. அதை இன்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் கேவலம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துயரம் என்றால் படம் பிடித்து, பதாகை அடித்து, ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும். காட்டினால் யாராவது வருவார்கள். யாரும் வரவில்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதே நாங்கள்தான் போர்க்காலத்தில் ஷெல் விழுவதை, “இஞ்சை நல்ல மழை” என்று ஒட்டுக்கேட்பவர்களுக்குப் பிடிபடாமல் தொலைபேசியில் சொல்லத் தெரிந்திருந்தவர்கள்.

கட்டுரையைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து வாசித்துவிட்டு அவன் மாப்பிடித்த கையோடு கல்லாவுக்கு வந்து நின்றான்.

“தங்கையை ஏன் எழுதினாய்?”

“உங்கள் கஷ்டம் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?”

“உலகத்துக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.”

உடனே இதழ்க்காரரைப் பிடித்துக் கட்டுரையைத் தூக்க வைத்தேன். தங்கையின் முகப்பில் வெடித்த பருத்தி அப்படியே நின்றது. பருத்திக்காலம் முடிந்தும் நின்றது. பிறகு ஒருநாள் அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் உருவம் ஒன்று வந்தது. அவளே பயந்து கணக்கை மூடினாளா, வேறு யாரும் மூடினார்களா என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றி நான் விளக்கம் எழுதாமல் விடுவது இதுதான் முதல் தடவை.

இப்போதும் பரோட்டா வீசுகிறான். என்னோடு தேவைக்குப் பேசுகிறான்: இரண்டு சாதா, ஒரு முட்டை. அடையாளங்களை மாற்றி இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “இனி என்ன?” என்றான்.

மனம் பொறுக்காமல் ஒருநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரை எப்படியோ அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், ஆனால் தமிழை அங்கே யார் வாசித்திருப்பார்கள் என்று எனக்கு நானே ஆறுதலும் சொல்லிக்கொண்டேன். அவர் பில் ரோலை மாற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்தக் கட்டுரையே அண்ணை? கன நீளம், நான் வாசிக்கேல்லை. பெடியன்ர படம் வடிவாயிருந்தது எண்டு, வந்த அண்டைக்கே லிங்கை எல்லாக் குரூப்புக்கும் தட்டி விட்டனான்.”