ஓபராவுக்கு ஒரு பபூன்

எனக்கு ஜெர்மன் நன்றாக வரும். வட்டக்கானலில் விடுதி நடத்துகிறேன். வந்து தங்கும் ஜெர்மன்காரர்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். அதனால், போன குளிர்காலத்தில் என் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன் பாடகி, கோடைக்கானல் சர்ச் ஹாலில் ஓர் ஓபரா பாடப்போவதாகச் சொன்னதும், தமிழில் பெயர்த்துத் திரையில் ஓட்டுகிறேன் என்று நானே முன்வந்தேன். ஒரே பெண் பாடும் சின்ன ஓபரா. அவர் கணவர் பியானோ.

மேல்மலையில் பூண்டு போடும் என் சித்தியைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவர் வந்தால் ஊர்ப் பெண்கள் ஒரு வண்டி நிறைய வருவார்கள். அவர் எழுந்து போனால் மொத்தமாகப் போவார்கள்.

“புரியாத பாட்டக் கேக்க ஒரு நாள் சோலிய விடணுமாக்கும்?”

“ஒரு வார்த்தை விடாமத் தமிழ்ல வரும், சித்தி. புரியலைன்னா எந்திரிச்சுப் போயிருங்க.”

“போயிருவேன், பாத்துக்க.”

அந்த ஓபரா ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்தது. நாடகம் புத்தகமாகக் கிடைத்தது. பாட்டிலும் அதே வரிகள்தான் இருக்கும் என்று நம்பி, வரவழைத்து முழுவதையும் பெயர்த்தேன், அழகாகவே. நிகழ்ச்சியன்று காலை ஒத்திகையில்தான் குட்டு உடைந்தது. இசையமைத்தவர் நாடகத்தில் முக்கால்வாசியை வெட்டிவிட்டு, மிச்ச வரிகளைத் திரும்பத் திரும்பப் பாட வைத்திருக்கிறார். பாடகி ‘தம்பி இன்னும் வரவில்லை’ என்பதிலேயே நிற்கிறார். என் திரையில் தம்பி வந்து, வீட்டை விற்றுவிட்ட சேதி சொல்லி, சண்டையும் முடிந்துவிட்டது.

சித்தியின் வண்டி ஊரிலிருந்து கிளம்பியாயிற்று.

நான் பதறுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகத்தில் பபூன் முதலில் வந்து, ஆர்மோனியக்காரரோடு வம்பளந்தபடியே கதையைச் சொல்லிவிடுவார். அப்புறம் யார் எவ்வளவு நேரம் பாட்டை இழுத்தாலும் சனத்துக்குக் கதை விட்டுப்போகாது. திரையைச் சுருட்டச் சொன்னேன். பியானோக்காரருக்கு ‘ஆமாங்க’ என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். மைக்கை நான் எடுத்துக்கொண்டேன்.

“தம்பிக்காக ஒரு அக்கா வீட்டைக் காத்துக்கிட்டுக் கெடக்கா. அவன் வந்துருவான்ல?”

“ஆமாங்க.”

“அப்ப ஏன்யா இவ இந்த அழுகை அழுவுறா?”

“ஆமாங்க.”

ஹால் சிரித்தது. முன்வரிசையில் சித்தியும் சிரித்தார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் இப்படியே. ஒருவரும் எழவில்லை. எனக்கு என் மேலேயே பிரியம் வந்துவிட்டது.

கடைசிக் கட்டம். நாடகத்தில் இங்கே அக்கா பக்கம் பக்கமாகப் பேசுவாள்: இந்த வீட்டில் கழிந்த வயது, தம்பி தன்னை ஒரு வார்த்தை கேட்காதது, எல்லாம். நான் உயிரைக் கொடுத்துப் பெயர்த்த இடம். ஓபராவில் ஒரு சொல் கிடையாது. பாடகி வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. சனத்துக்கு இந்த இடம் புரியாது என்று பயந்து, மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

சித்தி எழுந்தார். அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து மைக்கைக் கீழே இறக்கினார்.

“ஏலே, சும்மா இரு. அவதான் சொல்லிட்டாளே.”